ஸ்பீக்கரில் சிவப்பு விளக்கு எரிந்தால் எதைக் குறைப்பது?

மண்டபத்தில் 12 இஞ்ச் பவர்டு ஸ்பீக்கர் இரண்டு, ஒரு சின்ன மிக்சர். பாட்டுக் கச்சேரி சூடுபிடிக்கும் நேரத்தில் ஸ்பீக்கரின் பின்புறம் சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்குகிறது. ஒருவர் ஸ்பீக்கர் வால்யூமைக் குறைக்கச் சொல்வார். இன்னொருவர் மிக்சரைக் குறைக்கச் சொல்வார். மூன்றாமவர் "அது அப்படித்தான் மினுக்கும், விடுங்க" என்பார். மூன்று பேர் சொல்வதும் ஏதோ ஒரு சமயத்தில் சரிதான். எந்தச் சமயத்தில் எது சரி என்பது, அந்த விளக்கு பெட்டிக்குள் எந்த இடத்தைக் காவல் காக்கிறது என்பதைப் பொறுத்தது.

## பெட்டிக்குள் சிக்னல் போகும் வழி

பவர்டு ஸ்பீக்கர் என்பது ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது. இன்றைய இருவழிப் பெட்டிகளில் சிக்னல் பெரும்பாலும் இந்த வரிசையில் போகிறது:

1. எக்ஸ்எல்ஆர் அல்லது ஜாக் வழியாக உள்ளே வந்து முதலில் சிறு சிக்னலைப் பெரிதாக்கும் பிரீஆம்ப்பைச் சந்திக்கிறது. மைக், லைன் என்ற சுவிட்சும் கெயின் திருகும் இங்கேதான் வேலை செய்கின்றன.
2. அடுத்து டிஎஸ்பி, அதாவது ஒலியை டிஜிட்டலாகக் கையாளும் சில்லு. பாஸையும் ட்ரெபிளையும் பிரிக்கும் கிராஸ்ஓவர், அதிர்வெண் வாரியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ, அளவு எல்லை மீறாமல் அமுக்கும் லிமிட்டர் எல்லாம் இதற்குள்.
3. அங்கிருந்து இரண்டு ஆம்ப்புகள். ஒன்று பாஸ் பாடும் வூஃபருக்கு, மற்றொன்று ஹார்னுக்குப் பின்னால் இருந்து ட்ரெபிள் பாடும் கம்ப்ரஷன் டிரைவருக்கு. 12 இஞ்ச் பெட்டிகளில் இரண்டும் பிரியும் இடம் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும்.
4. இவை எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பவர் சப்ளை.

இந்த நான்கில் எது திணறினாலும் எரிவது பெரும்பாலும் சிவப்புதான். குழப்பத்துக்கு வேர் இங்கே இருக்கிறது.

## எந்த விளக்கு எதைக் காட்டுகிறது

நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பக்கத்தில் அச்சிட்டிருக்கும் சொல்லைத்தான் நம்ப வேண்டும்.

1. பவர்: பச்சை, நீலம் அல்லது வெள்ளை. மின்சாரம் வருகிறது என்பதற்கு மேல் இது எதுவும் சொல்வதில்லை. சில பெட்டிகளில் சிறிது நேரம் சிக்னல் வராவிட்டால் நிறம் மாறியோ மங்கியோ ஸ்டாண்ட்பைக்குப் போகும். அது பழுது அல்ல.

2. சிக்னல்: உள்ளே ஏதோ வருகிறது என்பதற்கான அடையாளம். சத்தம் வராதபோது முதலில் பார்க்க வேண்டியது இது. இது எரிந்தும் சத்தம் இல்லை என்றால் கேபிளையும் மிக்சரையும் நோண்டிப் பயனில்லை, கோளாறு பெட்டிக்குள். எரியவே இல்லை என்றால் கோளாறு வெளியே.

3. க்ளிப், பீக், லிமிட்: இந்த மூன்று சொற்களையும் ஒன்றுபோலவே பேசுகிறோம். கண்டிப்பாகச் சொன்னால் க்ளிப் என்பது அலை வெட்டுப்பட்டுவிட்டது என்ற செய்தி. லிமிட் என்பது வெட்டுப்படாமல் இருக்க லிமிட்டர் அளவை அமுக்குகிறது என்ற செய்தி. பீக் என்று போட்டிருந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், மேனுவலைத்தான் பார்க்க வேண்டும்.

4. புரொடெக்ட், டெம்ப், ஃபால்ட்: ஆம்ப் தன்னையோ ஸ்பீக்கரையோ காப்பாற்றிக்கொள்ளச் சத்தத்தைக் குறைத்துவிட்டது, அல்லது முழுவதும் நிறுத்திவிட்டது. ஆன் செய்தவுடன் சில விநாடி எரிந்து அணைவது இயல்பு. பவர் சப்ளை நிலைப்படும்வரை வெளியீட்டை மூடி வைக்கிறது.

முன்பக்கக் கம்பி வலைக்குப் பின்னால் எரியும் விளக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். டிஎஸ்பி உள்ள பல பெட்டிகளில் அதை ஆஃப், ஆன், லிமிட் என்று மெனுவில் மாற்ற முடியும். ஒரே மாடல் இரண்டு பெட்டியில் ஒன்று மட்டும் முன்னால் எரிகிறது என்றால், பழுது என்று முடிவு கட்டும் முன் மெனுவைப் பார்த்துவிடுவது நல்லது.

## அலை வெட்டுப்படுவது எப்படி

ஓர் ஆம்ப்பின் பவர் சப்ளை கூட்டல் 70, கழித்தல் 70 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். வெளிவரும் அலை எவ்வளவு முட்டினாலும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது. 8 ஓம் வூஃபருக்குச் சுத்தமான சைன் அலையில் இது கொடுக்கக்கூடியது சுமார் 306 வாட்: 70ஐ 70ஆல் பெருக்கி, 8ஆல் வகுத்து, அதில் பாதி.

உள்ளே வரும் சிக்னலை இன்னும் ஏற்றினால் உச்சி உயராது, தட்டையாகும். ஏற்றிக்கொண்டே போனால் வளைவு போய்ச் சதுர அலையாகிவிடும். உச்ச வோல்ட்டேஜ் அதே 70தான். ஆனால் அலை எந்நேரமும் அந்த எல்லையிலேயே நிற்பதால் 'பாதி' என்ற கணக்கு அடிபட்டுப்போகிறது. 306 வாட், 612 வாட் ஆகிறது. சத்தம் அதற்கேற்பக் கூடியதாகக் காதுக்குத் தெரியாது, கரகரப்புதான் தெரியும். ஸ்பீக்கரின் கோனை ஆட்டும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலுக்கோ வெப்பம் இரண்டு மடங்கு.

சின்ன ஆம்ப் வைத்தால் ட்ரெபிள் பாடும் ட்வீட்டர் போகும் என்ற பழைய பேச்சு இங்கிருந்துதான் வந்தது. உள்ளே ஆம்ப் இல்லாத பாசிவ் பெட்டியில், வெளியே இருக்கும் ஒரே ஆம்ப்தான் பாஸுக்கும் ட்ரெபிளுக்கும். பாஸ் முட்டி நின்ற பிறகும் ஏற்றிக்கொண்டே போனால் ட்ரெபிள் பங்கு கூடும். வெட்டுப்பட்ட அலையிலிருந்து புதிதாகப் பிறக்கும் மேல் அதிர்வெண்களும் சேர்ந்து ட்வீட்டரில் இறங்கும். தனித்தனி ஆம்ப் உள்ள பவர்டு பெட்டியில் வூஃபர் ஆம்ப் முட்டினாலும் அந்தக் கழிவு ஹார்ன் பக்கம் போக வழியில்லை. பவர்டு பெட்டியின் பெரிய லாபமாக ஆம்ப் தூக்கும் வேலை மிச்சமாவதைச் சொல்வார்கள். உண்மையில் இந்தப் பிரிவினையும், அதே டிரைவருக்கென்றே அளந்து வைத்த லிமிட்டரும்தான் பெரிய லாபம்.

## லிமிட்டர் செய்யும் வேலை

ஒரு நல்ல பெட்டியில் லிமிட்டர் ஒன்றல்ல, இரண்டு மூன்று இருக்கும்.

பீக் லிமிட்டர் ஒரு மில்லி விநாடி கணக்கில் பாய்ந்து உச்சியைப் பிடிக்கும். டிரம் அடியை ஆம்ப் எல்லைக்குள் வைப்பது இதன் வேலை. ஆர்எம்எஸ் லிமிட்டர் சராசரி அளவைச் சற்று நீண்ட நேரத்துக்குக் கணக்கெடுத்து, காயில் சூடாகும் அளவுக்குப் போகும்போது மெல்ல இறக்கும். கோன் எவ்வளவு தூரம் முன்பின் போகிறது என்பதை மதிப்பிட்டு, கீழ் பாஸை மட்டும் அமுக்கும் மூன்றாவது வகையும் உண்டு. ஒரே சத்தத்துக்கு அதிர்வெண் பாதியானால் கோன் நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். 100 ஹெர்ட்ஸில் 2 மில்லிமீட்டர் ஆடினால் 50இல் 8 மில்லிமீட்டர். அதனால்தான் இந்தக் காவல்.

விளக்கின் குறை ஒன்றுண்டு. ஒற்றை லிமிட் விளக்கு, லிமிட்டர் வேலை தொடங்கிவிட்டது என்று மட்டும் சொல்கிறது. 1 டெசிபெல் அமுக்குகிறதா 10 டெசிபெல் அமுக்குகிறதா என்று சொல்வதில்லை. அதை மினுங்கும் தாளத்திலிருந்து நாம்தான் ஊகிக்க வேண்டும். கிக் டிரம் அல்லது தவில் அடி விழும்போது மட்டும் சிமிட்டி அணைந்தால் கவலை இல்லை. பெட்டி தன் முழுத் திறனை ஒட்டி வேலை செய்கிறது, "விடுங்க" என்றவர் சொன்னது சரி. இரண்டு அடிக்கு நடுவிலும் அணையாமல் எரிந்தால் லிமிட்டர் மூச்சு வாங்க நேரமே இல்லை. அதற்கு மேல் மிக்சர் ஃபேடரை ஏற்றினால் சத்தம் கூடாது, பாட்டு தட்டையாகும், காயில் சூடாகும், அவ்வளவுதான்.

## உள்ளே முட்டுகிறதா, வெளியே முட்டுகிறதா

சிவப்பு எரிந்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. பிரீஆம்ப் முட்டினாலும், கடைசி ஆம்ப் முட்டினாலும், பல பெட்டிகளில் எரிவது ஒரே விளக்குதான்.

அடிக்கடி நடப்பது மைக், லைன் சுவிட்ச் தவறாக இருப்பது. மைக்கிலிருந்து பேச்சுக்கு ஒன்றிரண்டு மில்லிவோல்ட், வாயோடு வைத்து உரக்கப் பாடினால் பத்து இருபது மில்லிவோல்ட் வரும். மிக்சரின் லைன் அவுட்டில் +4 டிபியூ, அதாவது 1.23 வோல்ட். மொபைல், டிவி போன்ற வீட்டுச் சாதனங்களுக்கான அளவு −10 டிபிவி, அதாவது 0.316 வோல்ட். மைக் நிலையில் பிரீஆம்ப் 40 டெசிபெல், அதாவது 100 மடங்கு பெருக்குகிறது என்று வையுங்கள். 10 மில்லிவோல்ட் 1 வோல்ட் ஆகும், சரி. அதே நிலையில் மிக்சரைச் சொருகினால் 1.23 வோல்ட் 123 வோல்ட் ஆக வேண்டும். பிரீஆம்ப் ஓடுவதோ பெரும்பாலும் ±15 வோல்ட்டில். மிக்சர் மாஸ்டரை அடியோடு இறக்கினால்தான் விளக்கு அணையும். கொஞ்சம் ஏற்றினாலும் கரகரக்கும். பெட்டி பழுது என்று கடைக்கு வருபவற்றில் சில, சுவிட்சை நகர்த்தியதும் வீடு திரும்பிவிடும்.

எங்கே முட்டுகிறது என்று கண்டுபிடிக்க:

1. விளக்கு எரியும் நிலையில் மிக்சரைத் தொடாமல் ஸ்பீக்கர் திருகை மட்டும் பாதியாக்குங்கள்.
2. சத்தமும் குறைந்து, விளக்கும் அணைந்து, கரகரப்பும் போய்விட்டால் முட்டியது திருகுக்குப் பிறகு, ஆம்ப்பில். வால்யூமைக் குறைக்கச் சொன்னவர் சரி.
3. சத்தம் குறைந்தும் விளக்கு அணையவில்லை, கரகரப்பும் போகவில்லை என்றால் முட்டுவது திருகுக்கு முன்னால். மிக்சர் அவுட்டைக் குறைக்க வேண்டும், அல்லது சுவிட்சை லைனுக்கு மாற்ற வேண்டும்.
4. விளக்கு அணைந்தும் கரகரப்பு மட்டும் மிஞ்சினால், அலை பெட்டிக்கு வரும் முன்பே வெட்டுப்பட்டிருக்கிறது.

நான்காவதுதான் ஆபத்தானது. டிஜே மிக்சரில் மீட்டர் முழுக்கச் சிவப்பு, ஸ்பீக்கர் திருகு கால்வாசியில். பெட்டியில் எல்லா விளக்கும் பச்சை. லிமிட்டர் பார்ப்பது அளவைத்தான், அலையின் வடிவத்தை அல்ல. எல்லைக்குள் வரும் சதுர அலையை அது சந்தேகப்படாமல் உள்ளே விட்டுவிடும். பிரிவினையும் இதில் கைகொடுக்காது. மிக்சரில் பிறந்த மேல் அதிர்வெண்களைக் கிராஸ்ஓவர் நேராக ஹார்னுக்கே அனுப்பிவைக்கும். ஸ்பீக்கர் பச்சையாக இருக்கிறதே என்று நம்பாமல் மிக்சர் மீட்டரைப் பார்க்க வேண்டும். மீட்டர் 0வை ஒட்டி ஆட வேண்டும், உச்சிகள் எப்போதாவது மட்டும் மேலே தொடலாம். சத்தம் போதாவிட்டால் ஏற்ற வேண்டியது ஸ்பீக்கர் திருகை.

## சூடு: ஒரு மணி நேரம் கழித்து வரும் கோளாறு

நேரடியாகக் கோன் ஒலிக்கும் ஸ்பீக்கர், வாங்கும் மின்சாரத்தில் ஓரிரு சதவீதத்தைத்தான் ஒலியாக்குகிறது. மீதியெல்லாம் காயிலில் சூடு. செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரியில் இருந்த காயில் 200 டிகிரிக்குப் போனால் தடை 70 சதவீதம் உயர்ந்திருக்கும். அதே வோல்ட்டேஜில் காயில் வாங்கும் வாட் 100லிருந்து 59 ஆகிவிடும். கிட்டத்தட்ட 2.3 டெசிபெல் நஷ்டம்.

ஆபரேட்டருக்கு இது எப்படித் தெரியும்? 'ஆரம்பத்தில் இருந்த பஞ்ச் இப்போ இல்ல' என்று. உடனே ஃபேடர் 3 டெசிபெல் மேலே போகும், அதாவது வாட் இரட்டிப்பாகும். சூடு இன்னும் கூடும், சத்தம் மறுபடி இறங்கும். இந்தச் சுழலின் முடிவில் கருகிய வார்னிஷ் வாடை வரும். அந்த வாடை வந்த பிறகு எந்த விளக்கும் உதவாது.

காயில் விநாடிகளில் சூடாகும், விநாடிகளில் ஆறும். அதைச் சுற்றியுள்ள காந்தமும், ஆம்ப்பின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கும் சூடாக அரை மணி, ஒரு மணி ஆகும். ஆறவும் அவ்வளவு ஆகும். முதல் பத்துப் பாட்டு ஒழுங்காக ஓடி, பதினோராவதில் டெம்ப் விளக்கு எரிவதன் காரணம் இதுதான். சித்திரை வெயிலில் கறுப்புப் பெட்டியின் முதுகு மேற்கே பார்த்தபடி நின்றால், பாட்டு தொடங்கும் முன்பே ஹீட்சிங்க் பாதித் தூரம் போயிருக்கும். மழைக்குப் பயந்து தார்ப்பாயைப் பின்பக்கம்வரை சுற்றிக் கட்டுவதும், சுவரோடு ஒட்டி வைப்பதும் அதே வேலையைச் செய்யும். பின்னால் ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும். தார்ப்பாயைக் கூரை மாதிரி மேலே கட்டலாம், போர்வை மாதிரி போர்த்தக் கூடாது.

மைக் ஃபீட்பேக்கின் கூவலும் இந்தக் கணக்கில் சேரும். பாட்டில் உச்சிக்கும் சராசரிக்கும் 12 டெசிபெல் இடைவெளி சாதாரணம். ஒரே சுருதியில் நீளும் கூவலில் அது 3 டெசிபெல்தான். அதே உச்சிக்கு 9 டெசிபெல் கூடுதல் சராசரி, அதாவது 8 மடங்கு வாட், ஹார்னுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் காயிலில் இறங்கும். லிமிட்டர் வேகத்தோடு கை வேகமும் வேண்டும்.

## மின்சாரம்: விளக்கு மங்கினால்

பாஸ் அடிக்கும்போதெல்லாம் பவர் விளக்கு மங்கினாலோ, பெட்டி அணைந்து தானாக உயிர் பெற்றாலோ, பழி பெரும்பாலும் சப்ளை லைனில். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 19 ஓம். 50 மீட்டர் தள்ளி இழுத்தால் ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து 100 மீட்டர், 1.9 ஓம். நான்கு பெட்டிகள் சேர்ந்து ஒரு கணம் 12 ஆம்பியர் இழுத்தால் வயரிலேயே 23 வோல்ட் போய்விடும். ஊர்க் கோடியில் ஏற்கெனவே 200 வோல்ட்தான் வருகிறது என்றால் பெட்டிக்குக் கிடைப்பது 177. அகல வோல்ட்டேஜ் சப்ளை உள்ள பெட்டி சமாளிக்கும். 230க்கென்றே செய்த பெட்டியில் குறைவோல்ட்டேஜ் பாதுகாப்பு பாயும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் அந்த 23 வோல்ட் ஒன்பது பத்தாகக் குறையும்.

இதைவிட மோசமானது நியூட்ரல் கழன்றுபோவது. மூன்று ஃபேஸ் ஜெனரேட்டரில் நியூட்ரல் விட்டால், லோடு குறைவாக இருக்கும் ஃபேஸில் வோல்ட்டேஜ் 400ஐ நோக்கி ஏறும். இதற்கு எச்சரிக்கை விளக்கு கிடையாது, புகைதான். ஜங்ஷன் பாக்ஸில் பெட்டியைச் சொருகும் முன் மல்டிமீட்டரால் ஃபேஸ்–நியூட்ரல் அளந்து பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர், அதே வகை. டி எழுத்து போட்டது மெதுவாக உருகும் வகை. ஆன் செய்யும்போது பாயும் முதல் வேகத்தைத் தாங்க அதுதான் வேண்டும். மாற்றியதும் மறுபடி போனால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. மூன்றாவது ஃபியூஸ் வாங்குவது வீண், கம்பி சுற்றுவது தீ வைப்பதற்குச் சமம்.

## புரொடெக்ட் எரிந்து சத்தம் நின்றுவிட்டால்

1. மிக்சரில் மியூட் போட்டுவிட்டுப் பெட்டியை ஆஃப் செய்யுங்கள். பின்பக்க உலோகத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் காரணம் தெரிந்துவிட்டது. காற்று படும்படி வைத்துப் பதினைந்து இருபது நிமிடம் விடுங்கள்.
2. சூடு இல்லை என்றால் எல்லா ஆடியோ கேபிளையும் கழற்றி, திருகைச் சுழியத்தில் வைத்து ஆன் செய்யுங்கள்.
3. சிக்னலே இல்லாமல் புரொடெக்ட் அணையாமல் எரிந்தால் ஆம்ப் வெளியீட்டில் டிசி, அதாவது நேர்மின்னோட்டம், வருகிறது, அல்லது உள்ளே ஷார்ட். காயிலுக்கு டிசி போனால் ஒலிக்காமலே கருகும் என்பதால்தான் சர்க்யூட் கதவை மூடிவிட்டது. ஆஃப், ஆன் என்று தட்டிக்கொண்டே இருக்காமல் சர்வீசுக்குக் கொடுக்க வேண்டியதுதான்.
4. விளக்கு அணைந்தால் சிறிய சத்தத்தில் பேச்சு கொடுத்துப் பாருங்கள். வூஃபர் மட்டும் பாடினால் ஹார்ன் டயாஃப்ரம் போயிருக்கலாம். கோனை இரண்டு கையாலும் சமமாக, மெல்ல உள்ளே தள்ளும்போது உரசும் சத்தம் வந்தால் காயில் போயிருக்கிறது.

ஆன் செய்யும்போது மிக்சர் முதலில், ஸ்பீக்கர் கடைசியில். அணைக்கும்போது இதற்கு நேர்மாறு. மாற்றிச் செய்தால் மிக்சரின் 'டப்' சத்தம் முழு பலத்தில் கோனில் விழும்.

## எல்லாம் சரியாக இருந்தும் லிமிட் அணையவில்லை என்றால்

அப்போது தவறு திருகில் இல்லை, பெட்டிகளின் எண்ணிக்கையிலும் வைத்த இடத்திலும் இருக்கிறது. 1 மீட்டரில் உச்சம் 130 டெசிபெல் என்று பிரசுரத்தில் போட்ட பெட்டி, திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் இழக்கும். 16 மீட்டரில் உச்சம் 106. பாட்டுக்கு உச்சி–சராசரி இடைவெளி 12 கழித்தால் காதுக்குக் கிடைப்பது 94. கடைசி வரிசைக்கு 100 வேண்டும் என்றால் கூடுதல் 6 டெசிபெல்லுக்கு நான்கு மடங்கு வாட் வேண்டும். அது அந்தப் பெட்டியில் இல்லை, எந்தத் திருகாலும் வராது.

கையில் ஒரு சப்வூஃபர் இருந்தால் முதலில் அதைச் சேர்த்து, மேல் பெட்டிகளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹைபாஸை ஆன் செய்யுங்கள். வூஃபரைத் திணறடிப்பது பெரும்பாலும் கீழ் பாஸ்தான் என்பதால், பல இடங்களில் இதிலேயே விளக்கு அடங்கிவிடும். அதற்கும் அடங்காவிட்டால் இன்னொரு ஜோடியை மேடைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அடுக்காமல், 12 மீட்டர் தள்ளிப் பந்தலின் நடுவில் நிறுத்துங்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும் என்பதால் அந்த ஜோடிக்கு 34 மில்லி விநாடி டிலே, அதாவது தாமதம், வேண்டும். அதோடு ஒரு பத்து கூட்டி 44 என்று வைத்தால், பின்வரிசைக்காரர்களுக்குப் பாட்டு நடுப்பெட்டியிலிருந்து வருவதாகத் தோன்றாமல் மேடையிலிருந்தே வருவதாகக் கேட்கும்.